சோயா இல்லாத சாஸ், வடசென்னை கல்மண்டபத்து அடுப்பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்குத் தோலில் தடிப்பும் வயிற்று உப்புசமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. டாக்டர் பார்த்து, அலர்ஜி பரிசோதனை எடுத்து, அதில் ஒன்றும் பிடிபடாமல் உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். அந்த அம்மா ஒரு தாளில் ஏழு பொருள் எழுதிக் கொடுத்தார்: சோயா, கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, மிளகாய், தக்காளி. ஆறு வாரத்துக்கு ஏழும் கூடாது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகவில்லை என்று பார்க்க வேண்டும்.

தம்பியோ வாரத்தில் மூன்று ராத்திரி தெருமுனை பாஸ்ட்ஃபுட் கடையில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிடுகிற ஆள். அதனால் சாஸ் செய்யக் கற்றுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. அப்போதிலிருந்து மாடி வீட்டு அக்கா, தண்டையார்பேட்டை சித்தி, பெரம்பூர் சிநேகிதி என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள் இவை. நான் டாக்டர் இல்லை, சமைக்கிறவள். மருந்து சம்பந்தமாக இங்கே இருப்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பத்தியம் என்றால் நாக்கைக் கட்டுவதுதானே? சாஸ் எதற்கு?

நானும் முதல் வாரம் இப்படித்தான் சொன்னேன். மிளகு ரசம், அவித்த மீன், சுரைக்காய்க் கூட்டு. நாலாம் நாள் ராத்திரி தம்பி "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்க்கா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது சட்டையில் வதக்கிய முட்டைக்கோஸ் வாசனை.

பிரசவ பத்தியம் இருந்தவர்களுக்குத் தெரியும், நாற்பது நாள் சாப்பிட வைத்தது பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும்தான். அதில் உப்பு, புளிப்பு, ஒரு கருப்பு நிறம், ஒரு மணம் எல்லாம் இருந்தது. ருசி இல்லாத பத்தியத்தை யாரும் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு சின்ன பாட்டில் சாஸ் ஃப்ரிட்ஜில் இருந்தால் அதே சோறும் மீனும் வேறு சாப்பாடாகிவிடுகிறது.

சோயா சாஸில் அப்படி என்னதான் இருக்கிறது?

முறைப்படி செய்த சோயா சாஸ் என்றால் வேகவைத்த சோயா, வறுத்த கோதுமை, உப்பு, தண்ணீர். ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து, உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். விலை மலிவான பாட்டில்கள் பலவற்றில் இந்தப் புளிப்பே கிடையாது. சோயா புரதத்தை அமிலத்தில் உடைத்து, கேரமல் நிறமும் உப்பும் சேர்த்து அடைப்பதுதான்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கிறது. 'குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கும் புரதம்) ஆகாது, சோயா சாஸ் பரவாயில்லை' என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இன்னொன்று உப்பு. ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த ருசிக்குக் காரணம் குளூட்டமேட், புரதம் உடையும்போது வரும் ஒரு பொருள். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அதைக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் ஷிண்டாரோ கோடாமா காய்ந்த மீனில் இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். நம் பாட்டிகள் வாழைக்காயில் நெத்திலி போட்டதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சோயா யாருக்கெல்லாம் ஆகாது?

எல்லோருக்கும் ஆகாது என்று சொல்லித் திரிய வேண்டாம். சோயா ஒரு பயறு, பலருக்கு நல்ல புரதம். உண்மையான சோயா அலர்ஜி இருப்பவர்கள் ஒரு சொட்டைக்கூடத் தொடக் கூடாது. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். தம்பியைப் போல எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் சில வாரம் நிறுத்துவார்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும் கேட்கிறார்கள். அந்த மாத்திரையை உடம்பு உறிஞ்சுவதை சோயா குறைக்கலாம் என்பதால் இரண்டுக்கும் இடையில் சில மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள். அடியோடு நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சாஸை நிறுத்தியாகிவிட்டது. வேறெதில் சோயா ஒளிந்திருக்கும்?

இதில் நான் நன்றாக அடிபட்டேன். மூன்றாம் வாரம் தம்பிக்குத் தடிப்பு அடங்கி, முழங்கை சுத்தமாகி, நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை மறுபடி சிவந்து வந்தது. அன்றைக்கு முழுக்க அலமாரியைக் கலைத்தேன். எண்ணெய் சரி, பெருங்காயம் மாற்றியாயிற்று, ஊறுகாய் வீட்டில் போட்டது. கடைசியில் கண்ணில் பட்டது எவர்சில்வர் டப்பா. ஒரு வாரமாக உடம்புக்குத் தெம்பு என்று காலையில் நானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்த சத்துமாவு. டப்பாவில் கொட்டியதும் கவரைத் தூக்கிப் போட்டிருந்தேன். கடைக்கு ஓடிப்போய் அதே பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால், பதினெட்டுத் தானிய வரிசையில் கோதுமையும் இருக்கிறது, சோயாவும் இருக்கிறது. ஆறு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். இப்போதெல்லாம் எதை டப்பாவில் கொட்டினாலும் பாக்கெட்டின் அந்தத் துண்டை வெட்டி உள்ளே போட்டுவிடுகிறேன்.

சத்துமாவைத் தவிர நான் பார்த்தவை: மல்டிகிரெயின் சப்பாத்தி மாவு, பிரெட், பிஸ்கட், சாக்லேட், சூப் க்யூப், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மசாலா, மயோனைஸ், வெஜ் கட்லெட். மீல் மேக்கர் என்பதே சோயாதான். கல்யாண வீட்டுக் குருமாவிலும் வெஜ் பிரியாணியிலும் அது சாதாரணமாகக் கிடக்கும். லேபிளில் 'லெசித்தின்' அல்லது 322 என்ற எண் இருந்தால் அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்தது. 'ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று இருந்தால் எந்தக் காய் என்று நம்பி இருக்க வேண்டாம், பல சமயம் அதுவும் சோயாதான்.

2020-இல் வந்த உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிப்படி, பாக்கெட் உணவில் சோயா, கோதுமை, பால், முட்டை, மீன், கடலை போன்ற அலர்ஜிப் பொருள் இருந்தால் 'கன்டெய்ன்ஸ்' என்று தனி வரியில் போட்டாக வேண்டும். எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒன்று. நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் மிகக் குறைவு, அதனால் பலருக்கு அது தொந்தரவு செய்வதில்லை. ஆனாலும் பரிசோதனைக் காலத்தில் செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று இருந்துவிட்டால் சந்தேகமே வராது.

பாஸ்ட்ஃபுட் கடையில் "சோயா போடாதீங்க" என்று சொன்னால் போதாதா?

சொல்லிப் பார்த்தேன். அந்த அண்ணன் நல்ல மனுஷன், தலையாட்டினார், நான் பக்கத்திலேயே நின்றேன், பாட்டிலைத் தொடவே இல்லை. பொட்டலம் கட்டும்போது சிக்கன் மட்டும் ஏன் இவ்வளவு கருப்பாக இருக்கிறது என்று கேட்டேன். "ரைஸ்ல ஊத்தவே இல்லக்கா. சிக்கன்ல மட்டும் காலையிலயே போட்டு ஊற வச்சதுதான்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை, நான் கேட்டது ரைஸைத்தானே.

அதோடு முந்தின ஆர்டர் வதங்கிய அதே வாணலி, அதே கரண்டி. அலர்ஜி உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

சரி, சோயா சாஸுக்குப் பதில் கருப்பு சாஸ் எப்படிச் செய்வது?

ஒரு சின்ன பாட்டில், அதாவது சுமார் 200 மில்லி வரும்படி சொல்கிறேன். தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு 25 கிராம், ஒரு கைப்பிடி. பட்டன் காளான் 100 கிராம். பூண்டு நாலு பல், கட்டைவிரல் நீளம் இஞ்சி, நெல்லிக்காய் அளவு புளி, பொடித்த கருப்பட்டி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன் மட்டமாக.

நெத்திலியை வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள், அடியில் மணல் தங்கும். ஈரம் போகத் துடைத்து, வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். ஒன்றை எடுத்து ஒடித்தால் 'டிக்' என்று முறிய வேண்டும். அதை எடுத்து வைத்துவிட்டு அதே வாணலியில் நறுக்கிய காளானை எண்ணெய் இல்லாமல் போடுங்கள். முதலில் தண்ணீர் விட்டுக் குளம் கட்டும், பயப்படாதீர்கள். தண்ணீர் வற்றி, கிரீச் என்று சத்தம் வந்து, ஓரம் பழுப்பாகும்வரை விடுங்கள். சாஸின் பாதி ருசி இந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. இங்கே அவசரப்பட்டால் கிடைப்பது காளான் சூப்.

இனி நெத்திலி, தட்டிய இஞ்சி, பூண்டு, மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து, மூடாமல் சிறு தீயில் அரை மணி நேரம். பாதியாக வற்றியதும் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள்.

அடுத்து கருப்பட்டி. அடி கனமான சின்னப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீரோடு கரைத்து வடிகட்டி, மறுபடி காய்ச்சுங்கள். நுரை பெரிதாக வந்து, அடங்கி, நிறம் காபி டிகாக்‌ஷனைத் தாண்டி, லேசாகப் புகை மணம் வரும் அந்த நொடியில் வடித்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். அந்த நொடி தாண்டினால் கசப்பு. எனக்கு இரண்டு தடவை தாண்டியது. கடைசியாகக் கரைத்த புளியும் உப்பும். ஒரு டம்ளராக வற்றியதும் இறக்குங்கள். சூடாக இருக்கும்போது நீர்த்து இருக்கிறதே என்று மேலும் காய்ச்சாதீர்கள், சோயா சாஸும் தண்ணீர் போலத்தான் ஓடும்.

விரலில் தொட்டு நக்கினால் கொஞ்சம் கடுப்பாக இருக்கும். சோற்றில் கலந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நெத்திலிக் கருவாடு எங்கே வாங்குவது? உப்புக் கரிக்காதா?

உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலியாகக் கேட்டு வாங்க வேண்டும். காசிமேட்டில் நான் வாங்கும் அம்மாவிடம் முதல் தடவை "உப்புப் போட்டதா, போடாததாம்மா?" என்று கேட்டேன். "வாயில போட்டுப் பாரும்மா, நான் சொல்லி என்ன" என்று ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். உப்புப் போடாத நெத்திலியை மெல்லும்போது முதலில் ஒன்றுமே தெரியாது, அப்புறம் லேசாகத் தித்திக்கும். வெள்ளி மாதிரி மினுமினுக்க வேண்டும். மஞ்சள் பாரித்திருந்தால் பழையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் நல்ல கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும் என்பதால் மார்ச்சிலேயே கால் கிலோ வாங்கிக் கண்ணாடி ஜாடியில் வைத்துவிடுவேன்.

நாற்றத்தைப் பற்றியும் கேட்பார்கள். செய்யும்போது அடிக்கும், மறைப்பதற்கில்லை. சாயங்காலம் கடல்காற்று திரும்பிய பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்கிறேன். சாஸான பிறகு மீன் என்று யாரும் கண்டுபிடித்ததில்லை.

நாங்கள் சைவம். அல்லது மீன் அலர்ஜி. என்ன செய்வது?

நெத்திலியை விட்டுவிட்டுக் காளானை 250 கிராம் ஆக்குங்கள். காய்ந்த ஷீடாக்கே காளான் கிடைத்தால் நாலு துண்டு ஊற வைத்து, ஊறின தண்ணீரோடு சேருங்கள். செளகார்பேட்டை சிநேகிதி ஒருத்தி காளானும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டாள். அவளுக்கு பீட்ரூட் தோலையும் கேரட்டையும் வெறும் வாணலியில் கருக வறுத்துச் செய்து கொடுத்தேன். நிறம் வந்தது, ஆழம் வரவில்லை. அதுதான் உண்மை.

அசைவத்தில் இன்னொரு வழி ஆட்டு எலும்பு சூப்பு. இரண்டு டம்ளர் சூப்பை ஆற வைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டு, நெத்திலிச் சாற்றுக்குப் பதிலாக ஊற்றுங்கள்.

ஹிஸ்டமின் (காய்ந்த, புளித்த உணவில் சேரும் ஒரு பொருள்) ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கருவாடு, வினிகர், புளிக்க வைத்தது எல்லாமே தொந்தரவு தரலாம். அவர்களுக்கு அன்றைக்கு வாங்கி அன்றைக்கே காய்ச்சிய இளம் சூப்புதான் சரி.

தேங்காய் அமினோஸ் என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் முடிந்ததே?

முடியும், கையில் காசு இருந்தால். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் இனிப்பு நீரை உப்போடு புளிக்க வைத்துச் செய்வது அது. சோயாவும் இல்லை, கோதுமையும் இல்லை. பெயரில் 'அமினோ' இருப்பதால் புரதம் நிறைய என்று நினைக்க வேண்டாம், இனிப்புத் தூக்கலான உப்புச் சாறு. பயணத்துக்கு வசதி. தினசரிச் சமையலுக்கு நான் வாங்குவதில்லை. பாளை நீருக்குப் பதில் பனை நீரில் வந்த கருப்பட்டி நம்மிடம் இருக்கிறது, மீதி வேலையைப் புளியும் உப்பும் பார்த்துக்கொள்ளும்.

கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை கலப்பு ஏராளம். கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகைக் கடைகள் அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் பழகி வைத்துக்கொண்டு வாங்குகிறேன்.

தக்காளி கூடாது. சிவப்பு சாஸ் செய்ய முடியுமா?

முடியும். கேரட் கால் கிலோ, பரங்கிக்காய் 150 கிராம், ஒரு வெங்காயம், மூன்று பல் பூண்டு, பீட்ரூட் ஒரு துண்டு. துண்டு என்றால் துண்டுதான், 30 கிராமுக்கு மேல் வேண்டாம். முதல் தடவை நிறம் வரட்டும் என்று முழு பீட்ரூட்டைப் போட்டேன். தம்பி கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது தொட்டுக்கவா, குடிக்கவா? ரோஸ்மில்க் மாதிரி இருக்கு" என்றான். மண்வாசனை வேறு.

குக்கரில் அரை டம்ளர் தண்ணீரோடு மூன்று விசில். மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, உப்பு, துளி கருப்பட்டி, ஒரு ஸ்பூன் இஞ்சிச் சாறு சேர்த்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறுங்கள். குமிழ் 'பொளக் பொளக்' என்று வெடிக்க ஆரம்பித்ததும் மேலும் ஐந்து நிமிஷம். தக்காளி சாஸ் இல்லை என்று ருசி தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் இரண்டாவது தோசைக்கு அதையே கேட்பார்கள்.

மிளகாய் இல்லாமல் காரம்?

மிளகு, இஞ்சி, கடுகு, பூண்டு. மிளகைக் கடைசியில் பொடித்துப் போடுங்கள், கொதித்தால் மணம் ஓடிவிடும். ஆனால் சில கடுமையான பத்தியங்களில் மிளகு, கடுகு, சீரகம் போன்ற விதை மசாலாக்களும் முதல் கட்டத்தில் கூடாது. அப்போது இஞ்சி மட்டும்தான் துணை. ஒரு கட்டு கொத்தமல்லித் தழை, அரைக் கட்டு புதினா, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், நிறைய இஞ்சி, எலுமிச்சம்பழம், உப்பு வைத்து நீர்க்க அரைத்த பச்சை சாஸ் அந்தப் பத்தியத்துக்கும் பொருந்தும். மீனுக்கு மேல் ஊற்றிச் சாப்பிட அதைவிட ஒன்று இல்லை.

அத்தோ சாப்பிடாமல் இருக்க முடியவில்லை. ஏதாவது வழி?

வடசென்னைக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு அங்கிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு அத்தோ, பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டிகளில் கையாலேயே பிசைந்து தருவார்கள். யோசித்துப் பார்த்தால் அதன் ருசி சோயாவிலிருந்து வருவதே இல்லை. புளித் தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த வெங்காயம், உப்பு, இவைதான். தடையாக இருப்பவை மைதா நூடுல்ஸும் மிளகாய்த்தூளும்.

வீட்டில் அரிசி சேவை பிழிந்து ஆற வையுங்கள். மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், இரண்டு ஸ்பூன் பூண்டெண்ணெய், புளித் தண்ணீர், பொட்டுக்கடலை மாவு, கொத்தமல்லி, எலுமிச்சை. கரண்டி வேண்டாம், கையால் பிசையுங்கள். கருப்பு சாஸ் அரை ஸ்பூன் விட்டால் அத்தோக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப்பு வைத்தால் தட்டு நிறைந்துவிடும்.

பூண்டெண்ணெயை எத்தனை நாள் வைக்கலாம்?

நாலு நாள், அதுவும் ஃப்ரிட்ஜில். இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டுக்குக் காற்றுப் படாது. மண்ணிலிருந்து வரும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் அங்கே வெளியில் இருக்கும் சூட்டிலேயே வளர்ந்து பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கலாம். கெட்ட வாசனை வராது, நிறம் மாறாது, பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வாரக்கணக்கில் சமையல் மேடையில் நிற்கும் பூண்டெண்ணெய் பாட்டிலைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பூண்டு, வெங்காயம் வயிற்றுக்கு ஆகாது என்று விலக்கியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தொந்தரவு செய்யும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் காய்ச்சி, சக்கையை முழுக்க வடித்து எடுத்துவிட்டால் மணம் மட்டும் மிஞ்சும். தண்ணீர் சேர்ந்த குழம்பில் பூண்டைப் போட்டு அப்புறம் பொறுக்கி எடுப்பது உதவாது.

வெள்ளை சாஸ்?

காலிஃப்ளவரை வேகவைத்து மைய அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். கொதித்தால் திரிந்துவிடும். அவ்வளவுதான்.

கெட்டியாக்க கார்ன்ஃப்ளோர் போடலாமா?

சோளம் உங்கள் தாளில் இல்லையென்றால் போடலாம். இருந்தால் கூவைக்கிழங்கு மாவு, நாட்டு மருந்துக் கடையில் ஆரோரூட் என்றாலும் தருவார்கள். அதுவும் இல்லையா, ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்துச் சலியுங்கள், அது மரவள்ளி மாவுதான். 200 மில்லி சாஸுக்கு ஒரு டீஸ்பூன், பச்சைத் தண்ணீரில் கரைத்து, கடைசியில். கூவைக்கிழங்கு மாவு போட்டு அதிக நேரம் கொதிக்கவிட்டால் மறுபடி நீர்த்துவிடும்.

பெருங்காயத்தில் கோதுமையா? வினிகர் பரவாயில்லையா?

கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பது வழக்கம். அரிசி மாவு சேர்த்ததும் வருகிறது, லேபிளைப் பாருங்கள். வினிகரில் பார்லியிலிருந்து வரும் மால்ட் வினிகரை மட்டும் குளூட்டன் ஆகாதவர்கள் தவிர்க்க வேண்டும். நான் புளியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? எங்கள் ஏரியாவில் கரன்ட் போகும்.

கருப்பு சாஸும் சிவப்பு சாஸும் கொதிக்க வைத்த கண்ணாடி பாட்டிலில், காய்ந்த கரண்டி போட்டு எடுத்தால், ஃப்ரிட்ஜில் ஐந்தாறு நாள். கடைச் சாஸ் மாதக்கணக்கில் இருப்பது அதில் உள்ள உப்பாலும் பதப்படுத்தும் பொருளாலும்தான், நம்முடையதில் இரண்டும் குறைவு. அதிகமாகச் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு கட்டி சுமார் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மாதம் தாங்கும். மே மாதத்தில் ராத்திரி முழுக்கக் கரன்ட் போய்க் கட்டி உருகி, பாட்டிலும் வெதுவெதுப்பாக இருந்தால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொட்டுங்கள்.

பிபி, சர்க்கரை, கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் சாப்பிடலாமா?

கணக்கைச் சொல்கிறேன். நான் போடும் ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2300 மில்லிகிராம் சோடியம். 200 மில்லியில் பதின்மூன்று மேசைக்கரண்டி என்றால் ஒரு கரண்டிக்கு 180-க்குப் பக்கம், கருவாட்டில் இருப்பது தனி. சோயா சாஸின் 900-க்கு இது பரவாயில்லை, ஆனால் உப்பே இல்லை என்று நினைத்து ஊற்றக் கூடாது.

கருப்பட்டியும் சர்க்கரைதான். 'நாட்டுப் பொருள், ஒன்றும் செய்யாது' என்று சித்தி சொல்வார், அவருடைய சர்க்கரை அளவு வேறு மாதிரி சொல்லும். சர்க்கரை இருப்பவர்கள் கருப்பட்டியைப் பாதியாக்கி, காளானை அதிகம் கருக வறுத்து நிறம் கொண்டுவரலாம்.

கிட்னி நோயாளிகள் விஷயமே வேறு. புளி, பீட்ரூட், தேங்காய்ப்பால் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கிட்னி சரியில்லாதவர்களுக்கும் சில பிபி மாத்திரை போடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பத்தியம் முடிந்ததும் எல்லாவற்றையும் சாப்பிடலாமா?

ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிட்டால் ஆறு வாரமும் வீண். எங்களுக்குச் சொன்னது, ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள், கொஞ்சமாக ஆரம்பித்து மூன்று நாள் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்தது. இது அலர்ஜி இல்லை என்று டாக்டர் உறுதி செய்தவர்களுக்கு மட்டும். அலர்ஜி இருப்பவர்கள் வீட்டில் இந்தச் சோதனையே செய்யக் கூடாது.

உங்கள் தம்பி இப்போது சோயா சாஸ் சாப்பிடுகிறாரா?

முட்டை திரும்ப வந்தது, ஒன்றும் ஆகவில்லை. தக்காளி, மிளகாய், நிலக்கடலையும் வந்தன. பால் இரண்டு டம்ளர் தாண்டினால் வயிறு உப்புகிறது. கோதுமை பரவாயில்லை. சோயாவைக் கடைசியில் வைத்தோம், ஒரு ஸ்பூன் சாஸ்தான். இரண்டாம் நாள் முழங்கையைச் சொறிந்துகொண்டே வந்து நின்றான். ஒரு மாதம் விட்டு நிபுணர் சொல்லி மறுபடி பார்த்தோம், அதே முழங்கை.

அதனால் கருப்பு பாட்டில் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது அவனே காய்ச்சுகிறான். பூண்டை எட்டுப் பல் போடுகிறான், சொன்னால் கேட்பதில்லை.